வேப்பந்தழை விதி: ஓய்வுபெறும் வழக்கறிஞர் தன் ஹைக்கூ ஏடுகளை மூடுவது எப்படி

வாரத்துக்கு ஒன்று என்று இருபது வருடம் ஹைக்கூ எழுதிய வழக்கறிஞரிடம், தொழிலை விட்டு விலகும்போது 1,040 கவிதைகள் சேர்ந்திருக்கும். கூடவே, ‘இதை நான் செய்திருக்கலாமா?’ என்று இரவில் எழுதி வைத்த தொழிலறக் குறிப்புகளும் அதே ஏடுகளில் கிடக்கும். இரண்டும் நீதிமன்ற வராந்தாவிலும் அலுவலக அறையிலும் பிறந்தவை. அவற்றில் பாதிக்குமேல் வேறொருவரின் வாழ்க்கை இருக்கிறது. அதனால் ஏடுகளைக் கட்டிப் பரணில் போடுவதும் சரியல்ல, எல்லாவற்றையும் அப்படியே அச்சுக்கு அனுப்புவதும் சரியல்ல.

மலேசியாவின் பினாங்கில் தொழில் செய்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். கோலாலம்பூருக்கும் சட்டம் ஒன்றுதான். வேறுபாடு ஊரின் அளவில் இருக்கிறது. லெபு லைட் (லைட் தெரு) நீதிமன்ற வாசலில் அரை மணி நேரம் நின்றால் தெரிந்த முகம் பத்து வரும். அந்த நெருக்கத்தில் ஒரு தெருப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அலுவலகத்தை மூடும் வேலை தனி. கட்சிக்காரர் பணத்தை 1990ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கணக்கு விதிகளின்படி தீர்ப்பதும், நடப்புக் கோப்புகளை வேறொருவரிடம் ஒப்படைப்பதும் முதலில் முடியட்டும். இங்கே சொல்வது அதற்குப் பிறகு மேசையில் மிஞ்சும் ஏடுகளைப் பற்றி. உதாரணமாகக் காட்டும் கவிதைகள் எல்லாம் விளக்கத்துக்காகக் கட்டியவை. யாருடைய ஏட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல.

முதலில் சட்டம் சொல்வது

1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவைப் பலரும் ‘கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது’ என்று சுருக்கி நினைவில் வைத்திருக்கிறார்கள். அது மூன்றில் ஒரு பங்குதான். கட்சிக்காரர் சார்பில் வந்த தகவல், வழக்கறிஞர் கொடுத்த ஆலோசனை, வேலையின் போக்கில் பார்க்க நேர்ந்த ஆவணத்தின் உள்ளடக்கம் அல்லது *நிலை*, இவை மூன்றும் அதில் அடங்கும். கட்சிக்காரர் வெளிப்படையாகச் சம்மதித்தால் ஒழிய இவற்றைச் சொல்ல முடியாது. குற்றத்தையோ மோசடியையோ நடத்துவதற்காகப் பேசியதற்கு இந்தக் காப்பு இல்லை. ஆனால் கவிதைக்கு அந்த விலக்கு உதவப்போவதில்லை.

ஹைக்கூ எழுதுபவரைப் பிடிப்பது அந்த ‘நிலை’ என்ற சொல்தான். ஹைக்கூவின் உயிரே பொருளின் நிலையில் இருக்கிறது: மடிந்த மூலை, கறை, மங்கிய மை.

காப்பிக் கறையோடு
வாடகை ஒப்பந்தம், ஓரத்தில்
பேரனின் கிறுக்கல்

இதில் பெயரில்லை, ஊரில்லை, ரகசியம் என்று எதுவும் தோன்றவில்லை. ஆனாலும் கட்சிக்காரர் கொண்டுவந்த ஆவணத்தின் நிலையைத்தான் மூன்று வரியும் சொல்கின்றன. எதிர்த்தரப்பு, ‘மூலப்பத்திரம் பேரன் கையில் இருந்ததா? அப்படியானால் மேலே எழுதியது யார்?’ என்று கேட்கக்கூடிய வழக்கில் இந்தக் கவிதை வெறும் அழகாக மட்டும் இருக்காது.

காலம் கடந்தால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். வேலை முடிந்த பின்னும் இந்தக் கடமை தொடர்கிறது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. கட்சிக்காரர் இறந்தாலும் உரிமை அழியாது. அவருடைய சொத்தை நிர்வகிப்பவரிடம் போகிறது. 127ஆம் பிரிவு இதே கட்டுப்பாட்டை வழக்கறிஞரின் கிராணி (எழுத்தர்), மொழிபெயர்ப்பாளர், பணியாள் ஆகியோருக்கும் நீட்டுகிறது. அலுவலகக் கிராணியும் கவிதை எழுதுபவர் என்றால் இந்த வழிகாட்டி அவருக்கும் பொருந்தும். இதோடு 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 94ஆம் பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை இருக்கிறது. கண்டனத்திலிருந்து பெயர் நீக்கம் வரை அதில் தண்டனை உண்டு.

சேகரித்தலும் எண்ணிடுதலும்

ஹைக்கூ ஏட்டில் மட்டும் இருக்காது. வழக்குப் பட்டியலின் பின்பக்கம், மேசை நாட்குறிப்பு, கைப்பேசிக் குறிப்பு, கட்சிக்காரர் கோப்பின் உள்ளட்டை என்று எங்கும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்க்கும்போது அடிக்கடி நடக்கும் தவறு, கோப்பிலிருந்து தாளைக் கிழித்து எடுப்பது. கோப்பில் உள்ள தாள் கோப்பிலேயே இருக்கட்டும். கவிதையை மட்டும் கையால் வேறு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுக்க வேண்டாம். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்தும் தெரியும், அந்தப் படம் தானாகவே இணையச் சேமிப்புக்கும் போய்விடும்.

சில ஏடுகளில் கவிதையும் தொழில் குறிப்பும் கலந்திருக்கும். இந்த நாளில் இன்னாரோடு பேசியது, இத்தனை நிமிடம், இன்ன அறிவுரை. அது கோப்பின் பகுதி போன்றது. கவிதைக்காக அதைப் பிரிக்கக்கூடாது, அழிக்கவும் கூடாது. 1953ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தில் ஒப்பந்தம், தீங்கியல் (பிறருக்கு இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்பது) வழக்குகளுக்கு 6 ஆண்டு, நிலத்தை மீட்கும் வழக்குக்கு 12 ஆண்டு. வருமான வரிப் பதிவுகளுக்கு 7 ஆண்டு. நிலம் சம்பந்தப்பட்ட வேலை அதிகம் செய்தவர் அந்த ஏடுகளைப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் வைப்பது நல்லது. புகாரோ வழக்கோ நிலுவையில் இருந்தால் கெடு முடிந்ததா என்று பார்க்கவே வேண்டாம், எதையும் தொடாதீர்கள்.

பிறகு எண்ணிடுதல். ஒவ்வொரு கவிதைக்கும் ஓர் எண், அதனருகில் கவிதை, பருவம். தேதியும் எந்த வழக்கில் பிறந்தது என்பதும் *வேறொரு* தாளில், அதே எண்ணுக்கு எதிரே. அந்த இரண்டாவது தாளைச் சாவிப்பட்டியல் என்போம். ஏடுகள் எல்லாவற்றையும்விட ஆபத்தானது அதுதான், ஏனென்றால் எந்தக் கவிதை யாரைப் பற்றியது என்பதற்கு நேரடி விடை அதில் இருக்கிறது. கணினியில் தட்டாதீர்கள். பேனாவால் எழுதி, கவிதைத் தாள்கள் இருக்கும் அறையில் இல்லாமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள்.

தட்டச்சு வேலையை ஜெராக்ஸ் கடைக்குக் கொடுப்பது மலிவு. ஆனால் கடைக்காரரை 127ஆம் பிரிவு கட்டாது. பழைய கிராணிக்கு நாள் கூலி கொடுத்துச் செய்தால் செலவு கூடும், ஆனால் அவர் ஏற்கெனவே அந்தக் கடமைக்குள் இருப்பவர். இன்னும் சலித்துப் பிரிக்காத ஏட்டை எழுத்துணரிச் செயலியிலோ மொழிபெயர்ப்புத் தளத்திலோ ஏற்றுவது, நாசி கண்டார் கடை மேசையில் விரித்து வைப்பதற்குச் சமம்.

சலித்தல்: வேப்பந்தழை விதி

தமிழ்க் கவிஞனுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் அகத்திணையியலில் விதிக்கிறது. தலைவன், தலைவி, தோழி என்பார்கள். இன்னார் மகன் இன்னார் என்று சொல்ல மாட்டார்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று இதை எளிதாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உரையாசிரியர்கள் அங்கே நிற்கவில்லை. நெடுநல்வாடை 188 அடி நீளத்தில் பிரிவைத்தான் பாடுகிறது, பெயர் எங்கும் இல்லை. ஆயினும் பாசறையில் நடக்கும் தலைவனுக்கு முன்னே போகிறவன் கையில் ‘வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகம்’ இருக்கிறது. வேலின் தலையில் கட்டிய வேப்பந்தழை பாண்டியனின் அடையாளம். அந்த ஒரு தழையால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் ஆகாது, புறம் என்றார் நச்சினார்க்கினியர்.

தொழிலறத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். பெயர் இருக்கிறதா என்று தேடாதீர்கள், வேப்பந்தழை எங்கே என்று தேடுங்கள்.

லெபு குயின் துணிக்கடை
உயில் படிக்கையில் எழுந்து போகிறாள்
இரண்டாம் மருமகள்

தெரு, தொழில், உறவு: மூன்று தழை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பினாங்கில் நூறு பேருக்குப் பொருந்தும், இரண்டு இருந்தால் நாலைந்து பேருக்கு, மூன்றும் சேர்ந்தால் ஒரு குடும்பம். ஒரு கவிதையில் இடம், தொழில், உறவு, சமூகம், நோய், வழக்கின் வகை ஆகியவற்றில் ஒன்றுக்குமேல் இருந்தால் அப்படியே வெளியே விடாதீர்கள் என்பது எங்கள் அளவுகோல். சட்டத்தில் இப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. கை பழகுவதற்கான கணக்கு.

யாருக்கு அடையாளம் தெரியக்கூடாது என்பதையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பொதுவாசகனை நினைத்தால் எல்லாக் கவிதையும் பாதுகாப்பாகவே தோன்றும். கட்சிக்காரரின் கணவனோ மனைவியோ, எதிர்த்தரப்பு வழக்கறிஞர், அதே மாடியில் வேலை பார்த்த கிராணி, இந்த மூவரும் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு வாசியுங்கள். மூவரில் ஒருவர் புருவத்தை உயர்த்துவார் என்று பட்டால் கவிதை நிற்கக்கூடாது. கட்சிக்காரர் தன்னைத் தானே கண்டுகொள்வது வேறு விஷயம். மற்றவர் யாருக்கும் தெரியாதபோது அதைக் கசிவு என்று சொல்ல முடியாது. ஆனால் தன் அழுகை ஒருவரின் கவிதையாகிவிட்டது என்று அவர் உணர்வார் என்றால், அதை வைத்திருப்பதில் என்ன மரியாதை?

திறந்த நீதிமன்றத்தில் எல்லாரும் கண்டதற்கு 126 பொருந்தாது. விலங்கோடு நிற்பவரைப் பார்த்தவர் பலர். எனினும் அவருடைய வழக்கறிஞரே அதை எழுதும்போது, வாசகர் ‘இது அவருடைய கட்சிக்காரர்தான்’ என்று கூடுதலாக ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். தன் வழக்கில் கண்டதையும் வேறொருவர் வழக்குக்குக் காத்திருக்கும்போது கண்டதையும் தனிக் கட்டாகப் பிரியுங்கள். இரண்டாவது கட்டில்தான் நல்ல கவிதைகள் அதிகம் இருக்கும். காத்திருப்பவனுக்குக் கண் திறந்திருக்கிறது.

கோர்ட் வராந்தா வெக்கை
பெயருக்குக் காத்திருப்பவர்
எறும்புக்கு வழிவிடுகிறார்

இதில் திருத்த எதுவுமில்லை.

சிறுவர் சம்பந்தப்பட்டவை சலித்தலுக்கே வரக்கூடாது, நேராக ஒதுக்கிவிட வேண்டும். 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு பெயர், முகவரி, பள்ளி ஆகியவற்றோடு அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரத்தையும் வெளியிடத் தடை செய்கிறது. ‘பள்ளிச் சீருடை’ என்ற ஒரு சொல்லுக்காக அந்தக் கோட்டில் நின்று வாதாட வேண்டியதில்லை.

ஓர் அமர்வுக்கு நாற்பது கவிதை போதும். 1,040க்கு 26 அமர்வு; வாரம் ஒன்று என்றால் ஆறு மாதம். அதற்குமேல் ஒரே மூச்சில் படித்தால் நாற்பத்தொன்றாவது கவிதையிலிருந்து எல்லாம் ‘பரவாயில்லை’ என்று தோன்ற ஆரம்பிக்கும். நான்கு கட்டாகப் பிரியுங்கள்: நிற்கலாம், திருத்தலாம், சம்மதம் கேட்கலாம், அழிக்க வேண்டும். எந்தக் கட்டில் போடுவது என்று இரண்டு தடவை தயங்கினால் அது நான்காவது கட்டு.

திருத்துதல்

திருத்தம் இரண்டு வகையில் கெடும். துணிக்கடையை நகைக்கடை ஆக்கி, மருமகளை மகள் ஆக்குவது முதல் வகை. பொய்யான விவரம் வேறொரு உண்மையான குடும்பத்தில் போய் விழும். அந்த ஊரில் ஒரு நகைக்கடைக் குடும்பமும் உயில் சண்டையும் இருந்தே தீரும். அவர்கள் உங்கள் கட்சிக்காரர்கூட இல்லை, அவதூறு என்று வந்து நிற்பார்கள். இரண்டாவது வகை, விவரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தத்துவத்தை நிரப்புவது. ‘உறவென்னும் மாயை’ என்று கடைசி வரி வந்தால் ரகசியம் பிழைத்தது, கவிதை செத்தது.

எடுத்த விவரத்தின் இடத்தில் பருவத்தை வையுங்கள். ஜப்பானியர் கிகோ என்று சொல்லும் பருவச்சொல் நமக்குப் பெரும்பொழுது, சிறுபொழுதாக அறிமுகமானதுதான். நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளைச் சங்க அகப்பாட்டில் பெரும்பாலும் காணலாம். பருவம் எல்லாருக்கும் பொது. ஐப்பசி மழை யாரையும் காட்டிக்கொடுக்காது.

ஐப்பசி மழை
உயில் படித்து முடிந்தபின்
ஒரு காலி நாற்காலி

மருமகள் போய்விட்டாள், தெருவும் கடையும் போய்விட்டன. எழுந்து போன செயல் மட்டும் காலி நாற்காலியாக நிற்கிறது. போனது யார், கோபமா துக்கமா, இறந்தவரின் நாற்காலிதானா என்று வாசகர் மனத்தில் கதவுகள் திறக்கின்றன. முதல் வடிவத்தைவிட இது நல்ல ஹைக்கூ. பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: ஆளைக் காட்டும் விவரமும் கவிதையை மூடும் விவரமும் ஒன்றாகவே இருக்கும்.

பருவச்சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு, தேதியை விழுங்குவது. கவிதையின் கீழே ‘பினாங்கு, இந்தத் தேதி’ என்று போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். வழக்குப் பட்டியல் பொது ஆவணம். தேதியும் நீதிமன்றமும் சேர்ந்தால் வழக்கு எண் கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டுக் கவிதையிலிருந்து மார்கழிப் பனியை இறக்குமதி செய்ய வேண்டாம். பினாங்கின் பொழுதுகள் இங்கேயே இருக்கின்றன. ஜனவரி, பிப்ரவரியின் வெக்கை, தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படி, சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியேன் வீடுகளில் நிற்கும் முழுக் கரும்பு. வறட்சி முடிந்து முதல் மழை விழுந்ததும் பூக்கும் அங்சானா மரம், மறுநாள் காலை சாலையெங்கும் கொட்டிக் கிடக்கும் மஞ்சள். ஏப்ரல், மே மாதங்களின் மாலை இடி. நடுஆண்டில் பாலிக் பூலாவ் டுரியான், சில வருடங்களில் புகைமூட்டம். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பெருமழை. தொழிலுக்கே உரிய பருவச்சொற்களும் உண்டு: ஜனவரியில் சட்ட ஆண்டுத் தொடக்கம், டிசம்பர் 31இல் காலாவதியாகும் தொழிற்சான்றிதழ்.

வடிவம் பற்றிச் சிறிது. ஐந்து, ஏழு, ஐந்து என்பது ஜப்பானியரின் ஒலியலகுக் கணக்கு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, தனி ‘ன்’ ஒலிக்கு ஒன்று. நம் மாத்திரைக் கணக்குக்கு அது உறவு, எழுத்தெண்ணிக்கைக்கு அல்ல. நம் மெய்க்கு அரை மாத்திரைதான் என்பதால் அந்தக் கணக்கும் முழுதாக ஒட்டாது. அதனால் பழைய கவிதைகளைப் பதினேழு எழுத்துக்குள் நசுக்கித் திருத்துவதில் பயன் இல்லை. ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா, நடுவில் ஒரு வெட்டு (இரு காட்சிகளைப் பிரிக்கும் இடைநிறுத்தம்) விழுகிறதா என்று பாருங்கள். ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் 1686ஆம் ஆண்டுத் தவளைக் கவிதையில் பழங்குளத்துக்குப் பின்னே வரும் ‘யா’ என்ற அசைதான் அந்த வெட்டு. தமிழில் பெயர்ச்சொல்லில் வரியை நிறுத்தினாலே வெட்டு விழும். ‘ஐப்பசி மழையில்’ என்று வேற்றுமை உருபு சேர்த்தால் வெட்டு ஒட்டிக்கொள்கிறது. ‘ஐப்பசி மழை’ என்று விட்டால் திறந்து கிடக்கிறது.

நீதிமன்ற ஏடுகளில் உள்ளவற்றில் பாதி உண்மையில் ஹைக்கூ அல்ல, சென்ரியூ. கராய் சென்ரியூ (1718–1790) என்ற தொகுப்பாளர் பெயரால் வழங்கும் அந்த வகைக்குப் பருவமும் வெட்டும் தேவையில்லை. மனிதரைப் பார்த்துச் சிரிக்கும். ஆபத்தும் அங்கேதான் அதிகம். சிரிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நீதிபதியாக இருந்தால் நீதிமன்ற அவமதிப்பு என்ற வேறு கதவு திறக்கும். சென்ரியூவில் எழுதியவரே அகப்பட்டுக்கொண்டவை மட்டும் நிற்கட்டும்:

மீண்டும் ஒத்திவைப்பு
அவிழ்க்காத கோப்பு நாடாவை
இறுக்கிக் கட்டுகிறேன்

சம்மதம் கேட்பது

மூன்றாவது கட்டு மிகச் சிறிதாக இருக்க வேண்டும். ஐந்து கவிதைக்குமேல் இருந்தால் திருத்தச் சோம்பல் பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடிதத்தில் முழுக் கவிதையும் இருக்க வேண்டும். ‘உங்கள் வழக்கைப் பற்றி ஒரு கவிதை’ என்றால் போதாது. அவர் வாசிக்கும் மொழியில் எழுதுங்கள். எங்கே, எத்தனை பிரதி, விற்பனையா அன்பளிப்பா என்று சொல்லுங்கள். ‘வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, பதில் வராவிட்டால் வெளியிட மாட்டேன்’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். கட்டண பாக்கி இருக்கும்போதோ வழக்கு நடக்கும்போதோ கேட்கக்கூடாது. அந்த நிலையில் வரும் சம்மதத்துக்கு மதிப்பில்லை. இருவர் சேர்ந்து அமர்த்திய வேலை என்றால் இருவரும் கையெழுத்திட வேண்டும். கல்யாண வீட்டில் ‘அதுக்கென்ன சார், போடுங்க’ என்று சொன்னதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறக்குறிப்புகள்

இவற்றைக் காப்பாற்றுவது கவிதையைவிட எளிது. நடந்ததை நீக்கிக் கேள்வியை மட்டும் வைத்தால் போதும். ‘சாட்சிக்கூண்டில் ஏறப்போகும் கட்சிக்காரர் பொய் சொல்லப்போகிறார் என்று தெரிந்தபின் என்ன செய்யலாம்?’, ‘எதிர்த்தரப்புச் சாட்சி முன்பு நம்மிடம் வந்தவர் என்றால்?’ இளையவர்களுக்கு வேண்டியது கேள்வியும் தயக்கமும்தான், அந்த வழக்கு அல்ல.

கேள்விக்குக் கீழே அன்று இருந்த விதியை ஆண்டோடு எழுதுங்கள். தொழில் நடைமுறை, ஒழுக்க விதிகள் 1978இல் வந்தவை. விளம்பரம் பற்றிய விதிகள் 2001இல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பர் 15இல். இவற்றுக்கு முந்தைய குறிப்பு சரியாகவே யோசித்திருந்தாலும் இன்று தவறான பதிலைத் தரலாம். கட்சிக்காரருக்கு எழுதிக் கொடுத்த ஆலோசனையின் நகலாக இருக்கும் குறிப்பு 126இன் கீழ் நேரடியாக வருகிறது. அதைக் கேள்வியாக மாற்ற முயலாமல் கோப்பிலேயே விடுங்கள். சக வழக்கறிஞரைக் குறைசொல்லும் பக்கங்களை நீக்குங்கள். அவை அறக்குறிப்பு அல்ல, ஆற்றாமை.

அச்சு

1,040இலிருந்து 52 மிஞ்சினால் நல்ல விளைச்சல். முன்பக்கங்கள் 4, ஐந்து பருவத் தலைப்புகளுக்கு 5, பக்கத்துக்கு ஒன்றாகக் கவிதை 52, பின்பக்கங்கள் 3, மொத்தம் 64. ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால் 16 தாள். 80 கிராம் தாளில் நடுவில் கம்பி அடித்துக் கட்டலாம். அதைத் தாண்டினால் புத்தகம் வாய் திறந்து நிற்கும், முதுகு ஒட்டிய கட்டுக்குப் போக வேண்டிவரும்.

வரிசை பருவப்படி இருக்கட்டும், காலவரிசையில் வேண்டாம். எழுதிய வரிசையில் அடுக்கினால், உங்கள் பெயர் வரும் தீர்ப்புத் தொகுப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு யாரும் பொருத்திப் பார்க்கலாம். எல்லா வருடத்து மழையும் ஒரே அதிகாரத்தில் கலந்துவிட்டால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

அச்சகத்தார் பெயரும் முகவரியும், பதிப்பாளர் பெயரும் முகவரியும் முதல் அல்லது கடைசிப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் அதைக் கேட்கிறது. சொந்தமாக வெளியிடுபவர்கள் வீட்டு முகவரி போடத் தயங்கி விட்டுவிடும் இடம் இதுதான். ஐஎஸ்பிஎன் எண்ணைக் கோலாலம்பூர் தேசிய நூலகம் வழங்குகிறது. மலேசிய எண்கள் 978க்குப் பின் 967, 983, 629 என்று தொடங்கும். 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் 5 பிரதிகளை அந்த நூலகத்துக்கே அனுப்ப வேண்டும். நண்பர்களுக்கு மட்டும் 100 பிரதி அடிப்பவர்கள் இந்த ஐந்தையும் கணக்கில் சேர்த்து 105 அடியுங்கள்.

இன்னும் தொழிற்சான்றிதழ் கையில் இருப்பவர் ஆசிரியர் குறிப்பில் நிறுவனப் பெயர், தொலைபேசி, ‘குடும்ப வழக்குகளில் வல்லவர்’ போன்றவற்றைப் போட்டால் கவிதை நூல் விளம்பரமாகிவிடும். ‘பினாங்கில் வசிக்கிறார்’ என்பது போதும்.

பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 50 ஆண்டு தொடர்கிறது (1987ஆம் ஆண்டுச் சட்டம்). உயிலில் இதற்கு ஒரு வரி எழுதுங்கள். அச்சாகாத ஏடுகளைப் பற்றி இன்னொரு வரியும் அவசியம்: ‘சலித்து முடிப்பதற்குள் நான் இறந்தால், திறந்து படிக்காமல் இன்ன வழக்கறிஞரிடம் ஒப்படைக்க.’ பிள்ளைகள் அப்பாவின் கவிதை என்று ஆசையாகப் புத்தகம் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு எது வேப்பந்தழை என்று தெரியாது.

அழித்தல்

தொழில் குறிப்பு கலந்த ஏடுகள் காலவரம்பு முடியும்வரை பூட்டில் இருக்கட்டும். கவிதை மட்டும் உள்ள நான்காவது கட்டை இப்போதே அழிக்கலாம். ஒலிபெருக்கியோடு வரும் பழைய பேப்பர் லாரிக்குப் போடக்கூடாது. அந்தக் கட்டு எடைக்கடையில் பிரியும், எந்தத் தாள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. நீளமாக மட்டும் கிழிக்கும் இயந்திரமும் போதாது. கவிதையின் ஒரு வரி ஒரே கீற்றில் முழுதாகத் தப்பிவிடும், அதுவும் வரி கிடையாகவும் கத்தி கிடையாகவும் போனால் அழகாக வெட்டிய புத்தகக்குறி ஆகிவிடும். குறுக்கும் நெடுக்கும் வெட்டும் இயந்திரம் வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்தாறு தாளுக்குமேல் திணித்தால் மோட்டார் சூடேறி நின்றுவிடும். கம்பிச் சுருள் ஏடுகளின் கம்பியை முதலில் உருவி எடுங்கள். அட்டையின் உட்பக்கத்தையும் பாருங்கள், தொலைபேசி எண்கள் அங்கேதான் இருக்கும்.

அடுத்துக் கைப்பேசிக் குறிப்புகள், அவற்றின் இணைய நகல், ‘சமீபத்தில் நீக்கியவை’ அடைவு. மெய்ப்புத் திருத்திக் கொடுத்த நண்பரிடம் போன முதல் வரைவு. அச்சகக் கணினியில் நிற்கும் பழைய கோப்பு: புத்தகத்தைக் கையில் வாங்கும் அன்றே, கடைசி வடிவத்தைத் தவிர மற்றதை உங்கள் கண்முன் நீக்கச் சொல்லுங்கள். மறுபதிப்புக்கு என்று அவர்கள் எல்லா வரைவையும் வைத்திருப்பது வழக்கம்.

சாவிப்பட்டியல் கடைசியில். புத்தகம் வெளிவந்து மூன்று மாதம் வரை அது பூட்டில் இருக்கட்டும்; யாராவது ‘இது என்னைப் பற்றியதா?’ என்று கேட்டால், கவிதை எங்கே பிறந்தது என்று நீங்களே சரிபார்க்க அது வேண்டியிருக்கும். அப்படிக் கேட்பவரிடம் ஆமாம் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. ஒருவரிடம் ‘இல்லை’ என்றால், அடுத்தவரிடம் நீங்கள் சொல்ல மறுப்பதே ‘ஆமாம்’ ஆகிவிடும். புகார் எதுவும் இல்லாமல் மூன்று மாதமும் முடிந்ததும் அந்தத் தாளையும் இயந்திரத்தில் விடுங்கள்.

வெட்டிய துகளைத் தோட்டத்து உரக்குழியில் போடலாம். பிளாஸ்டிக் பூசிய அட்டையையும் பளபளப்புத் தாளையும் தவிர்த்துவிடுங்கள், அவை எளிதில் மக்காது.